துப்பாக்கி ஏந்தாத நாயகனுக்கு ஒரு பகடை

1963 நவம்பர் 23, சனிக்கிழமை மாலை. முந்தைய நாள்தான் அமெரிக்க அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். உலகம் அந்த அதிர்ச்சியில் இருந்த நேரத்தில், பிபிசி 'டாக்டர் ஹூ' என்ற புதுத் தொடரின் முதல் பகுதியை ஒளிபரப்பியது. அடுத்த சனிக்கிழமை அதே பகுதியை இன்னொரு முறை போட்டுவிட்டுத்தான் இரண்டாம் பகுதிக்குப் போனார்கள். நீலநிற போலீஸ் பெட்டிக்குள் ஏறிக் காலத்தையும் விண்வெளியையும் கடக்கும் 'டாக்டர்' என்ற முதியவர்தான் நாயகன். போகப்போக அவருக்கு ஒரு குணம் படிந்தது. ஆபத்து வந்தால் முதலில் பேசிப் பார்ப்பார். பேச்சு எடுபடாவிட்டால் ஓடுவார். ஓடுகிற ஓட்டத்திலேயே ஒரு தந்திரம் கண்டுபிடிப்பார். ஆயுதத்தைத் தொடுவது அபூர்வம். ரசிகர்கள் கொண்டாடிய இந்தக் குணம்தான் பின்னால் அவரை மேசை விளையாட்டாக்க வந்தவர்களைப் படாதபாடு படுத்தியது.

1966-இல் நாயகனாக நடித்த வில்லியம் ஹார்ட்னலின் உடல்நலம் மோசமானது. தொடரை நிறுத்த மனமில்லாத தயாரிப்பாளர்கள் துணிச்சலான ஒரு முடிவெடுத்தார்கள். டாக்டர் வேற்றுக்கிரகவாசிதானே, சாகும் தறுவாயில் அவருக்கு உடல் மாறட்டும்! பேட்ரிக் ட்ரௌட்டன் புது முகத்தோடு வந்தார், நேயர்களும் ஏற்றுக்கொண்டார்கள். அந்த வழி இன்றுவரை தொடரைக் காப்பாற்றி வருகிறது. ஆனால் 43 ஆண்டுகள் கழித்து அதே வழி ஒரு பெட்டியின் அட்டைப்படத்துக்கு வினையாக வந்தது.

அதற்குள் அமெரிக்காவில் வேறொன்று பிறந்திருந்தது. 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டை வெளியிட்டார்கள். மேசையைச் சுற்றி நண்பர்கள் அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம் அது. முதல் அச்சு வெறும் ஆயிரம் பிரதிகள். பொம்மைப் படைகளை மோதவிடும் போர் விளையாட்டுகளின் வயிற்றில் பிறந்ததால், அதன் ரத்தத்திலேயே சண்டை ஊறியிருந்தது. யார் முந்திக்கொள்கிறாரோ அவருடைய வாள் முதலில் இறங்கும். அதன் பின்னால் வந்த ஆட்டங்களில் பெரும்பாலானவை இதையே பின்பற்றின. வாளே இல்லாத ஒருவரை இந்த மேசைக்கு அழைத்து வந்தால் என்ன ஆகும்?

1985-இல் சிகாகோவின் எஃப்ஏஎஸ்ஏ நிறுவனம் அதை முயன்றது. 'ஸ்டார் ட்ரெக்' தொடரை ஏற்கெனவே விளையாட்டாக்கிய கை அது. ஆனால் ஒரு சிக்கல். டாக்டரோ தன் சொந்த இனமான டைம் லார்டுகளின் கட்டுப்பாடு பிடிக்காமல் ஓடி வந்தவர். ஆட்டக்காரர்களோ அந்த இனத்தின் ரகசிய அமைப்புக்குப் பணியாற்றும் ஆட்களானார்கள். நாடோடிக்கு உத்தியோக உடுப்பு மாட்டிய கதை! போதாக்குறைக்கு அதே ஆண்டு பிப்ரவரியில் தொடருக்குப் பதினெட்டு மாத இடைவெளி என்று பிபிசி அறிவித்தது. 1989 டிசம்பரில் தொடர் நின்றே போனது.

1991-இல் 'டைம் லார்ட்' என்றொரு ஆட்டம் சின்னப் புத்தகமாக வந்தது. திரையில் நாயகன் இல்லாத காலம், அது நிலைக்கவில்லை. 1996-இல் ஒரே ஒரு தொலைக்காட்சிப் படம் வந்தது, பிறகு மீண்டும் மௌனம். 2005 மார்ச் 26 அன்று எழுத்தாளர் ரஸ்ஸல் டி டேவிஸின் கையால் டாக்டர் உயிர்த்தெழுந்தபோது, பழைய கேள்வியும் கூடவே எழுந்து வந்தது.

இம்முறை அது பிரிட்டனின் கியூபிகிள் 7 நிறுவனத்திடம் வந்து சேர்ந்தது. ஆட்டத்தை எழுதியவர் டேவிட் எஃப். சாப்மேன். அவர் முன்னால் இரண்டு முடிச்சுகள் இருந்தன. முதலாவது, பல நூறு வயதான மேதையாக ஒருவர் ஆடும்போது, பக்கத்தில் சாதாரண மனிதத் தோழியாக ஆடுகிறவருக்கு என்ன வேலை மிஞ்சும்? கதையைத் தமக்குச் சாதகமாகத் திருப்ப உதவும் 'ஸ்டோரி பாயிண்ட்' என்ற சேமிப்பை விதிகள் எல்லோருக்கும் கொடுத்தன. மனிதருக்கு 12, டைம் லார்டுக்கு அதைவிடக் குறைவு. அறிவு டாக்டரிடம், அதிர்ஷ்டம் தோழியிடம். தொடரில் நடப்பதும் இதுதானே! இரண்டாவது முடிச்சுதான் உண்மையில் கடினம். டாக்டரின் பரம எதிரியான டாலெக்கின் கதிர் சரியாகப் பட்டால் ஆள் காலி. அதன் சேதப் பட்டியலில் எண்ணுக்குப் பதில் மரணத்தைக் குறிக்கும் எழுத்தே இருந்தது. அப்படிப்பட்ட எதிரி வாசலில் நிற்கும்போது, யார் முதலில் செயல்படுவது?

2009-இன் பிற்பகுதியில் ஆட்டத்தின் பெட்டி வெளியானது. முகப்பில் அப்போதைய டாக்டர் டேவிட் டெனன்ட் சிரித்துக்கொண்டிருந்தார். 2010 ஜனவரி 1 அன்று திரையில் அவர் உடல் மாறி மேட் ஸ்மித் ஆனார்! கடைக்கு வந்த வேகத்திலேயே அட்டைப்படம் பழசானது. உள்ளே இருந்த விதி மட்டும் பழசாகவில்லை.

அந்த விதியில் வேகத்துக்கு இடமில்லை. ஒவ்வொரு சுற்றிலும் பேசுகிறவர்கள் முதலில். அடுத்து ஓடுகிறவர்கள். பிறகு பூட்டைத் திறப்பது, எந்திரத்தைப் பழுது பார்ப்பது என்று ஏதாவது செய்கிறவர்கள். அடிக்கிறவர்கள் கடைசியில்தான். டாலெக் சுட வேண்டுமானாலும் டாக்டர் பேசி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். 46 ஆண்டுக் காலக் குணத்தை நான்கே வரியில் ஆட்ட விதியாக்கிய இந்த வேலை, என் கணிப்பில், எத்தனையோ சிக்கலான அட்டவணைகளைவிட உயர்ந்தது. ஆட்டக்காரருக்கு யாரும் அறிவுரை சொல்ல வேண்டியதில்லை; பேசினால் முந்தலாம் என்பதால் தானாகவே வாய் திறந்தார்.

2021-இல் இரண்டாம் பதிப்பு வந்தபோதும் இந்த வரிசை நீடித்தது. அதற்கு அடுத்த ஆண்டு கதை கடைசித் திருப்பத்தை எடுத்தது. அதே கியூபிகிள் 7, 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஐந்தாம் பதிப்பின் விதிகளிலேயே டாக்டரை இறக்கி 'டாக்டர்ஸ் அண்ட் டாலெக்ஸ்' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. வாள்களின் தாய்வீட்டில் டாக்டர் என்ன செய்வார்? உயிர்ப் புள்ளிகள் இருந்த இடத்தில் 'பிளாட் பாயிண்ட்' வந்தது. எதிராளியின் புள்ளிகளைக் கரைக்க வாள்வீச்சுக்குப் பதிலாகச் சுருக்கென்ற பேச்சு வந்தது.