தூபத்திலிருந்து டியூபுக்கு
தி.நகரின் அடிமண் ஏரி மண். மயிலாப்பூர், மாம்பலம், நுங்கம்பாக்கம் என நீண்டு கிடந்த லாங் டேங்க் ஏரியின் ஒரு பகுதியை 1923 வாக்கில் தூர்த்துத்தான் தியாகராய நகரை எழுப்பினார்கள். ஏரி போயிற்று, கொசு போகவில்லை. மயிலாப்பூரை ஒட்டிப் பக்கிங்காம் கால்வாய், தெற்கே அடையாறு, போதாததற்கு வீட்டுக்கு வீடு கிணறும் மொட்டைமாடித் தொட்டியும். சென்னையில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் ஸ்டீபன்சி பெரும்பாலும் முட்டையிடுவது சாக்கடையில் அல்ல, இந்தக் கிணற்றிலும் தொட்டியிலும்தான்.

விளக்கு வைக்கும் நேரத்தில் கதவைச் சாத்திவிட்டு, தணலில் சாம்பிராணியோ வேப்பிலையோ நொச்சித் தழையோ போடுவது பழைய வழக்கம். இரவுக்குக் கொசுவலை.

கொசுவத்தி ஜப்பான் சரக்கு. எய்ச்சிரோ உயேயாமா 1890-இல் செய்த வத்தி நேரான குச்சி. சீக்கிரமே எரிந்து தீர்ந்தது. சுருளாக்கச் சொன்னவர் அவர் மனைவி யூகி. நம்மூர்க் கடைகளில் டார்ட்டாய்ஸ் பெயர்பெற்றது. ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும் இரண்டு சுருள்களை உடையாமல் பிரிப்பதே ஒரு வித்தை. தகரத் தாங்கியில் செருகிக் கட்டிலுக்கடியில் வைத்தால், விடிந்ததும் தரையில் சாம்பல் வளையம் கிடக்கும்.

1984-இல் குட்நைட் மேட் வந்தது. சின்ன மெஷின், அதில் செருக ஒரு வில்லை, புகையுமில்லை, சாம்பலுமில்லை. அந்தத் தொழிலைத் தொடங்கிய ஆர். மோகன், 'கிலுக்கம்' (1991) போன்ற மலையாளப் படங்களையும் தயாரித்து, திரையுலகில் 'குட்நைட் மோகன்' ஆனார். கரண்ட் போனால் மட்டும் மேட் வெறும் அட்டை.

சைதை துரைசாமி சென்னை மேயராக இருந்தபோது (2011–16) கொசுவை விரட்ட மாநகராட்சி நொச்சிச் செடிகளை வழங்கியது. தழையைப் புகைப்பது வேறு. தொட்டியில் செடி நிற்பதால் மட்டும் கொசு ஓடிவிடாது.

இவையெல்லாம் வீட்டுக்குள் இருப்பவருக்கு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவோ பகலில் கடிக்கும். பஸ் நிலையத்திலும் ரயில்வே பிளாட்பாரத்திலும் சுருளுக்கும் மேட்டுக்கும் வேலையில்லை. வெளியே போகிறவருக்கு உடம்பில் பூசுவதுதான் கைகொடுக்கும். அந்த வகையில் பெரிய திருப்பம் டீட் (DEET) என்ற கொசுவிரட்டி மருந்து: 1946-இல் அமெரிக்க ராணுவத்துக்கு, 1957-இல் பொதுமக்களுக்கு. இந்தியாவில் பல தலைமுறையாக ஓடோமாஸ்.

ஊருக்குக் கிளம்புகிறவர்கள் டியூபின் பின்பக்கத்தைப் படித்து வாங்குங்கள். மருந்தின் பெயரும் சதவீதமும் அச்சிட்டிருக்க வேண்டும்; 'இயற்கை' என்ற ஒரு சொல் போதாது. சன்ஸ்கிரீன் பூசுவதானால் அது முதலில், கொசு கிரீம் அதன்மேல். கைக்குழந்தைக்கு டாக்டரைக் கேட்காமல் எதையும் பூச வேண்டாம், கொசுவலை போதும்.