பெட்டி மூடியில் எழுதியிருந்த கல்லூரிகள்

எங்கள் அம்மப்பா மன்னார்த் தீவின் பேசாலையில் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஒரு கல்லூரியின் வாசலைக்கூட மிதித்ததில்லை. ஆனால் திருச்சி, மதுரை, சென்னைக் கல்லூரிகளில் எந்த விடுதியில் என்ன சோறு, எங்கே தண்ணீர் நல்லது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் வேலை பார்த்த இடம் தலைமன்னார் பியர் என்ற கப்பல் துறை. கோச்சியிலிருந்து, அதாவது ரெயிலிலிருந்து, கப்பலுக்கும் கப்பலிலிருந்து கோச்சிக்கும் மாறும் சாமான்களை எண்ணிக் கணக்கு எழுதுவது அவர் வேலை.

1914 பெப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தது. அந்த ஆண்டே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கப்பல் ஓடத் தொடங்கியது. இடையில் 22 மைல் கடல். அதற்கு முன்பு சென்னையிலிருந்து வருபவர்கள் தூத்துக்குடிக்குப் போய்க் கொழும்புக் கப்பல் பிடிக்க வேண்டும். மன்னாரை அவர்கள் கண்ணால் காண்பதே இல்லை. பியர் கட்டிய பிறகு இலங்கை முழுவதும் எங்கள் தீவின் நுனியில் வந்து இறங்கியது. வியாபாரிகள், யாத்திரைக்காரர், மண்டபம் முகாம் வழியாக வந்த தோட்டத் தொழிலாளர்கள், ஜூன் மாதத்தில் அக்கரைக்குப் போய் ஏப்ரலில் திரும்பும் கல்லூரிப் பெடியன்கள்.

பெடியன்களிடம் தகரப் பெட்டி இருக்கும். மூடியில் வெள்ளைப் பெயின்டால் பெயர், அதற்குக் கீழே கல்லூரி, ஊர். அம்மப்பா ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றது அந்த மூடிகளில்தான். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தோட்டத்துக்குப் போகும் சனங்களின் கழுத்திலும் தகரம் தொங்கியது. எந்தத் தோட்டம், எத்தனையாம் இலக்கம் என்று குத்திய சிறு வில்லை. ஒரே துறையில், ஒரே வெயிலில், ஒருவனுக்குப் பெட்டி மேல் எழுத்து, இன்னொருவனுக்குக் கழுத்தில் எழுத்து. பெட்டிக் கதையை எப்போது சொன்னாலும் இதைச் சொல்லாமல் அவர் முடித்ததில்லை. தன் பிள்ளைக்கு எப்படியாவது பெட்டி மேல் எழுத வேண்டும் என்ற வெறி அங்கேதான் பிடித்தது என்பார்.

கல்லூரியைப் பற்றி முன்கூட்டியே தெரிந்துகொள்ள அந்தக் காலத்தில் ஒரு தகப்பனுக்கு என்ன வழி இருந்தது? பங்குச் சுவாமி சொல்வார், படித்தவர் வீட்டில் கேட்கலாம். அம்மப்பாவுக்கு மூன்றாவது வழி ஒன்று இருந்தது. சாமான் ஏற்றும் நேரத்தில் பெடியன்களோடு பேச்சுக் கொடுப்பார். கேள்விகள் நாலுதான். அம்மா வாயிலிருந்து நான் பலமுறை கேட்டவை:

"அங்கை தண்ணி எப்பிடி, தம்பி?"

"சனிக்கிழமை பின்னேரம் என்ன செய்வீர்?"

"சின்ன வகுப்புப் பெடியனுக்குக் காய்ச்சல் வந்தா ஆர் பாக்கிறது?"

"உம்மடை தம்பியை அங்கை விடுவீரோ?"

உவர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். முதல் கேள்வி அதனால் வந்தது. கடைசிக் கேள்விக்குத்தான் அவர் காது கொடுத்துக் காத்திருப்பார். உடனே "ஓம்" என்பவனைவிட, கொஞ்சம் யோசித்து "ஓம்" என்பவனையே நம்புவார். பெட்டியின் கனத்தையும் பார்ப்பார். ஜூனில் போகும்போது எல்லாப் பெட்டியிலும் பனாட்டும் கருவாடும் மணக்கும். ஏப்ரலில் திரும்பும்போது புத்தகக் கனத்தோடு வரும் பெட்டி எந்தக் கல்லூரியுடையது என்று மனத்தில் குறித்துக்கொள்வார்.

படிப்புக்காகக் கடல் தாண்டுவது எங்கள் காலத்தில் இங்கிருந்து அங்கே என்று ஆகிவிட்டது. முதலில் படிப்பே இங்கிருந்து அங்கே போனது. அமெரிக்க மிஷன்காரர் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் 1823இல் செமினரி தொடங்கினார்கள். டானியல் பூவர் அதன் முதல் தலைவர். கணிதம், வானியல், தமிழ், ஆங்கிலம், சமஸ்கிருதம் என எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் படிப்பித்த இடம் அது. அங்கே படித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும்தான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள். யாழ்ப்பாணத்து மிஷன் 1834இல் ஆள் அனுப்பித்தான் மதுரை மிஷன் உண்டானது. அந்த மரத்தில் 1881இல் பசுமலையில் முளைத்து, பிறகு மதுரை நகரத்துக்குள் வந்த கிளைதான் அமெரிக்கன் கல்லூரி. அந்தப் பெயர் எழுதிய பெட்டியை எண்ணும்போது, அது ஈழத்து விதை என்பது அம்மப்பாவுக்குத் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் எவ்வளவு பெருமைப்பட்டிருப்பார்!

எங்கள் வீடு கத்தோலிக்க வீடு. அம்மப்பாவின் மகன், என் மாமா, யாழ்ப்பாணத்தில் படித்து முடித்தபோது முன்னால் இருந்தவை இரண்டு. கொழும்பில் 1921இல் தொடங்கிய யூனிவர்சிட்டி காலேஜ். அங்கே படித்து லண்டன் பரீட்சை எழுத வேண்டும். மற்றது திருச்சி சூசையப்பர் கல்லூரி. 1844இல் நாகப்பட்டினத்தில் இயேசு சபையார் தொடங்கி 1883இல் திருச்சிக்குக் கொண்டுவந்தது. தூரக் கணக்கில் எங்களுக்குக் கொழும்பைவிடத் திருச்சி கிட்ட. ஆனால் அம்மப்பாவைத் தீர்மானிக்க வைத்தது தூரமல்ல. படிப்பு முடிந்து கடைசி முறையாகத் திரும்பிய ஒரு பெடியனிடம் நாலாவது கேள்வியைக் கேட்டார். அவன் சிரித்துவிட்டு, தன் தம்பிக்கு வாங்கிய புதுப் பெட்டியைக் காட்டினான். மூடியில் அதே கல்லூரிப் பெயர், பெயின்ட் இன்னும் சரியாகக் காயவில்லை.

1938 ஜூனில் மாமா புறப்பட்டார். சோளகக் காற்றில் கப்பல் ஆடியதில் தனுஷ்கோடி வரை வாந்தி எடுத்தாராம். திருச்சியில் தெப்பக்குளத்தருகே மாதா கோயில் கோபுரத்தையும் அதற்கு அப்பால் மலைக்கோட்டையையும் ஒன்றாகப் பார்த்தபோது, இவ்வளவு சத்தத்துக்கு நடுவில் எப்படிப் படிப்பது என்று பயந்தாராம். இன்டர்மீடியட் இரண்டு வருடம், பி.ஏ. இரண்டு வருடம். வரலாறுதான் பாடம். ஆனால் கடைசிக் காலம் வரை அவர் பேசியது லாஜிக் வகுப்பைப் பற்றியும், விடுதி வராந்தாவில் ஆந்திரப் பையன்களோடும் மலையாளப் பையன்களோடும் இரவு முழுக்க வாதாடியதைப் பற்றியும்தான். திரும்பி வந்து தீவிலேயே ஆசிரியரானார். எங்கள் கரைக்கு நேர் எதிரே, ராமேஸ்வரத்து அப்துல் கலாமும் பன்னிரண்டு வருடம் கழித்து அதே கல்லூரிக்குத்தான் போனார். 1950 முதல் 1954 வரை. ஒரே கடலின் இரண்டு ஓரத்துப் பிள்ளைகளுக்கும் பக்கத்துக் கல்லூரி அதுவாகத்தான் இருந்திருக்கிறது.

அடுத்தது நான் என்று வீட்டில் பேச்சு. ஆனால் சுதந்திரத்துக்குப் பிறகு கடவுச்சீட்டு வந்தது, விசா வந்தது. அறுபதுகளில் வெளிநாட்டுக்குக் காசு அனுப்புவதே பெரும்பாடாகியது. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி போய்விட்டது. நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்த பயணிகள் ரெயிலையும் கடல் கொண்டுபோயிற்று. மறுநாள் காலையில் அம்மப்பா தலையில் கைவைத்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி நின்றது எனக்கு நினைவிருக்கிறது. அக்கரையில் அவருக்கு முகம் தெரிந்த சாமான்காரர்கள் எத்தனை பேர்! அவர்களின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார். நான் பலாலி ஆசிரிய கலாசாலைக்குப் போனேன். நல்ல படிப்புத்தான். ஆனாலும் அந்த வராந்தா வாதம் எனக்குக் கிடைக்கவில்லை என்ற ஏக்கம் இன்றும் போகவில்லை.

கப்பல் பிறகு ராமேஸ்வரத்திலிருந்து வந்தது. 1984இல் அதுவும் நின்றது. 1990இல் கோச்சியும் நின்றது. தண்டவாளம் திரும்ப வந்து 2015இல் தலைமன்னாருக்கு ரெயில் ஓடியபோது பியர் வரை போய்ப் பார்த்தேன். கடலுக்குள் துருப்பிடித்த இரும்பு நிற்கிறது. மாமாவின் பெட்டி எங்கள் வீட்டில்தான். பெயர் அழிந்துவிட்டது, ‘டிரிச்சினாபொலி’யில் முதல் நாலு எழுத்து மட்டும் வெயிலில் சாய்த்துப் பிடித்தால் தெரியும்.

பேத்தி இந்த வருடம் உயர்தரம் எழுதியிருக்கிறாள். பம்பைமடுவில் இருக்கும் வவுனியா பல்கலைக்கழகம் மனத்தில் இருக்கிறதாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்து 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமானது அது. எந்தத் துறை, எத்தனை இடம் எல்லாம் அவள் போனிலேயே பார்த்துவிட்டாள். போன மாதம் வவுனியாவிலிருந்து மன்னார் பஸ்ஸில் வந்தேன். பம்பைமடுவில் புத்தகப் பையோடு ஏறிய ஒரு பிள்ளை என் பக்கத்தில் இருந்தாள். தண்ணியைப் பற்றிக் கேட்டேன், சனிக்கிழமையைப் பற்றிக் கேட்டேன், காய்ச்சலைப் பற்றிக் கேட்டேன். அவள் பொறுமையாகப் பதில் சொன்னாள். பிறகு,

"உம்மடை தங்கச்சியை அங்கை விடுவீரோ, பிள்ளை?" என்றேன்.

அவள் உடனே சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பறயனாலங்குளம் தாண்டிய பிறகு என் பக்கம் திரும்பி, "ஓம் ஐயா, விடுவன்" என்றாள்.