எட்டரைக் கோடியும் ஒரு ரிமாண்டும்: இலவச சட்ட உதவியின் கதை

இன்னைக்கு ஒரு கற்பனை ஆளோட ஆரம்பிக்கலாம். ஸ்ரீரங்கத்துல ஒரு கடையில வேலை பார்க்குற பையன், இருபது வயசு. கடையில பணம் காணோம், இவன் மேல புகார், கைது. அரசியல் சட்டத்தின் 22வது பிரிவுப்படி 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும். அங்கே அவனுக்காகப் பேச ஒருத்தர் நின்னா, "வேலை பார்க்குற இடத்துத் திருட்டுக்கு அதிகபட்சத் தண்டனையே ஏழு வருஷம்தானே, கைது பண்ண என்ன அவசியம்?"னு கேட்பார். யாரும் நிக்கலைன்னா சில நிமிஷத்துல ரிமாண்ட். அப்புறம் ஜெயில்.

இந்தச் சில நிமிஷத்தில் அவன் பக்கத்தில் ஒரு வக்கீல் நிற்பாரா? இலவச சட்ட உதவியின் வரலாறே இந்தக் கேள்விதான்.

வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்தில் ஏழைக்கு இடம் இருந்தது, ஆனா ரொம்பக் குறுகலான இடம். 1908 சிவில் நடைமுறைச் சட்டத்தில், காசில்லாதவர் கோர்ட் கட்டணம் கட்டாமலே வழக்குப் போடலாம். அதுக்கு முதலில் தான் 'பாப்பர்', அதாவது பரம ஏழைன்னு நிரூபிக்கணும். அந்த வார்த்தையைச் சட்டப் புத்தகத்திலிருந்து எடுக்க 1976 வரை ஆனது. வழக்குப் போடுபவருக்காவது இது இருந்தது. பிடிபட்டு நிற்கிறவனுக்கு?

இங்கேதான் வி.ஆர். கிருஷ்ணய்யர் வருகிறார். பாலக்காட்டில் பிறந்து, மெட்ராஸில் சட்டம் படித்தவர். 1957ல் கேரளாவில் ஈ.எம்.எஸ். அமைச்சரவையில் மந்திரி. 1972ல் மத்திய அரசு சட்ட உதவி பற்றி ஆராய ஒரு குழு போட்டபோது, அதற்குத் தலைவர் அவர்தான். 1973 மே மாதம் அறிக்கை வந்தது. பிறகு எமர்ஜென்சி. வேடிக்கை என்னன்னா, குடிமக்கள் உரிமையைச் சுருட்டி வச்ச அதே 42வது திருத்தம்தான் 39ஏ பிரிவையும் கொண்டுவந்தது: ஏழைக்கு அரசே இலவச சட்ட உதவி தர வேண்டும். ஆனா அது வழிகாட்டு நெறி மட்டும்தான். அதைக் காட்டி நேரா கோர்ட்டுக்குப் போக முடியாது.

கோர்ட் சுத்தி வளைச்சு ஒரு வழி கண்டுபிடித்தது. 1978 ஹோஸ்காட் வழக்கு. மனுதாரர் ஒன்றும் அப்பாவி ஏழை இல்லை. போலிப் பட்டம் தயாரிக்க முயன்றதாகத் தண்டனை பெற்ற பல்கலைக்கழக ஆசிரியர். அவர் மனு தள்ளுபடி ஆனது. ஆனா அந்தத் தீர்ப்பை எழுதிய கிருஷ்ணய்யர், சிறையில் இருப்பவருக்குத் தீர்ப்பு நகலும், மேல்முறையீட்டுக்கு வக்கீலும் இலவசமாகத் தரணும்னு போகிற போக்கில் எழுதிவிட்டார். அடுத்த வருஷம் ஹுசைனாரா காத்தூன் வழக்கு. விசாரணையே நடக்காமல் பீகார் சிறைகளில் வருஷக்கணக்காகக் கிடந்தவர்களைப் பற்றியது. 1981ல் காத்ரி வழக்கில், மாஜிஸ்திரேட் முன்னாடி முதல்முறை நிறுத்தும்போதே இந்த உரிமை தொடங்குதுன்னு சுப்ரீம் கோர்ட் சொன்னது. 1986ல் சுக் தாஸ் வழக்கில் இன்னொரு படி: குற்றம் சாட்டப்பட்டவர் கேட்கலைங்கறதுக்காகக் கொடுக்காம இருக்க முடியாது. அருணாச்சலில் வக்கீல் இல்லாமல் விசாரித்துத் தந்த தண்டனை ரத்தானது.

சட்டம் 1987ல் நிறைவேறியது. அமலுக்கு வந்தது 1995 நவம்பர் 9. எட்டு வருஷத் தூக்கம்! அதன்படிதான் இன்றைய அமைப்பு: தேசிய ஆணையம், மாநில ஆணைக்குழு, மாவட்ட நீதிபதி தலைமையில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு, அதுக்குக் கீழே வட்டக் குழு. ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டி, சத்திரம் வழியா கன்டோன்மென்ட் போனா திருச்சி மாவட்ட நீதிமன்றம். திருச்சி ஆணைக்குழுவுக்கு அங்கே இருக்கும் மாவட்ட நீதிபதிதான் தலைவர். மேல்முறையீடுன்னா 2004 வரை 300 கிலோமீட்டருக்கு மேல் தாண்டிச் சென்னை. மதுரைக் கிளை வந்த பிறகு சுமார் 130 கிலோமீட்டர். ஜெயிலில் இருப்பவனைப் பார்க்க, வக்கீலைப் பார்க்கன்னு அலைகிற குடும்பத்துக்கு இதுவும் சட்ட உதவிதான்.

இப்போ கணக்குக்கு வருவோம். இந்த அமைப்பு எப்படி வேலை செய்யுதுன்னு கேட்டா, முதலில் காட்டுகிற எண் மக்கள் நீதிமன்றத்துடையது. 2023ல் மட்டும் தேசிய மக்கள் நீதிமன்றங்களில் 8.5 கோடி வழக்குகள் முடிந்தன. பிரமிப்பா இருக்கா? அதில் 7 கோடிக்கு மேல் கோர்ட்டுக்கே வராத விவகாரங்கள்; பேங்க் பாக்கி, பில் பாக்கி மாதிரி. பயன் இல்லைன்னு சொல்லலை. அங்கே முடிஞ்சா மேல்முறையீடு கிடையாது, கட்டின கோர்ட் கட்டணமும் திரும்ப வரும். ஆனா வக்கீல், ஆலோசனைன்னு சட்ட உதவி பெற்றவர்கள் 2023-24ல் நாடு முழுக்க சுமார் 15.5 லட்சம். இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் நாலில் மூணு பேர் விசாரணைக் கைதிகள். நம்ம ஸ்ரீரங்கம் பையன் அந்த எட்டரைக் கோடியில் வரமாட்டான். அவன் தேட வேண்டியது இந்தச் சின்ன எண்ணில்.

அந்த வக்கீல் யார்? பல வருஷம் பேனல் முறைதான். சொந்த பிராக்டிஸ் பண்ணும் வக்கீல்கள் பெயர் பட்டியலில் இருக்கும், ஒவ்வொரு வழக்கா ஒப்படைப்பாங்க, கட்டணம் கம்மி. நல்லவங்களும் இருந்தாங்க. ஆனா காசு தரும் கட்சிக்காரர் ஒரு பக்கம், காசில்லாத பையன் ஒரு பக்கம், ரெண்டு வழக்கும் ஒரே நாள்னா எது முந்தும்? இதை அந்த வக்கீலின் குணத்தில் தேடக் கூடாது. அமைப்பே அப்படி.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் 1914லேயே, ஏழைகளுக்காக மட்டும் வாதாடும் முழுநேர அரசு அலுவலகத்தைத் திறந்துவிட்டது. நம்ம தேசிய ஆணையம் சில மாவட்டங்களில் சோதித்துப் பார்த்து, 2022ல் அதே பாதையில் விரிவான திட்டம் கொண்டுவந்தது. பெயர் 'லீகல் எய்ட் டிஃபென்ஸ் கவுன்சில்'. குற்ற வழக்குகளுக்கு மட்டும். ஒரு தலைமை வக்கீல், துணை வக்கீல்கள், உதவி வக்கீல்கள். தலைமை வக்கீலுக்கு குறைந்தது 10 வருஷ அனுபவம் வேணும். மாதச் சம்பளம், தனி பிராக்டிஸ் கூடாது. அரசுத் தரப்புக்கு ஒரு ஆபீஸ் இருக்குற மாதிரி, எதிர்த்தரப்புக்கும் ஒண்ணு. தமிழ்நாட்டு மாவட்டங்களுக்கும் இது வந்தாச்சு.

எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் இருக்கு. நியமனம் ஒப்பந்தம்தான், முதலில் ரெண்டு வருஷம். அப்புறம் நீட்டிப்பு, அதுவும் வேலையை மதிப்பிட்டு. எதை வச்சு மதிப்பிடுவாங்க? முடிச்ச வழக்குகளை எண்ணுறது சுலபம். ரிமாண்டே ஆகாம வீட்டுக்குப் போன பையனை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

சிவில், குடும்ப வழக்குகளுக்கு இன்னும் பேனல் வக்கீல்தான். ஜீவனாம்சம் கேட்டு வரும் பெண்ணுக்கு வருமான வரம்பு கிடையாது, சம்பளம் எவ்வளவா இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. குழந்தைகளுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் அப்படியே. அந்தப் பையன் வீட்டில் யாராவது கூப்பிட வேண்டிய நம்பர் 15100.