பரபரப்பான நெடுஞ்சாலையை அணுகல் கட்டுப்பாட்டுச் சாலையாக மாற்றுதல்

குறுக்குச் சாலை, கடை வாசல், வீட்டு வாசல் என எங்கிருந்தும் வண்டி ஏறக்கூடிய பழைய நெடுஞ்சாலையை, குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் ஏறி இறங்கும்படி திருத்தியமைப்பதே இந்த மாற்றம். புதிய தடத்தில் விரைவுச்சாலை போடுவதும் இதுவும் ஒன்றல்ல. புதிய தடத்தில் பெரும்பாலும் வயலும் காடும்தான் குறுக்கே வரும். இங்கே, அந்தச் சாலையை நம்பிப் பல்லாண்டுகளாக வளர்ந்த ஊரே குறுக்கே வருகிறது. வேலை நடக்கும்போதும் வண்டிகள் போய்வந்தாக வேண்டும். அதனால் பாலம் கட்டுவதைவிடத் திட்டமிடுவதுதான் கடினம். மூடப்படும் ஒவ்வொரு வாசலுக்கும் எந்த மாற்று வழியைத் தருவது என்ற கேள்விக்கு விடை காண்பதே திட்டத்தின் பெரும்பகுதி.

மாற்றத்துக்கான காரணம் எளிது. நான்கு சாலைகள் கூடும் சாதாரணச் சந்திப்பு ஒன்றில் வண்டியும் வண்டியும் மோதிக்கொள்ளக்கூடிய புள்ளிகள் 32 என்று போக்குவரத்துப் பொறியாளர்கள் கணக்கிடுகிறார்கள். அவற்றில் 16 குறுக்காக மோதும் இடங்கள். உயிரை வாங்குபவை பெரும்பாலும் அவைதான். தடையில்லாமல் ஓடும் சாலையில் ஒரு தடம் மணிக்கு ஏறத்தாழ 2,000 கார்களைத் தாங்கும். அதே தடத்தில் சிக்னல் வைத்து, பச்சை விளக்கு பாதி நேரம்தான் எரியும் என்றால் அந்தத் திறனும் ஏறக்குறைய பாதியாகிவிடும். சாலையை எத்தனை தடங்களுக்கு அகலப்படுத்தினாலும் சந்திப்புகளை அப்படியே விட்டுவைத்தால் இந்த இரண்டு குறைகளும் தீராது.

வாசல் உரிமை

சாலையோர நிலத்துக்காரருக்குச் சாலையில் இறங்க உரிமை உண்டு என்பது பழைய சட்ட மரபு. அதை விலக்கித்தான் இத்தகைய சாலைகள் வந்தன. கலிபோர்னியா 1939இல் இயற்றிய சட்டம், பக்கத்து நிலத்துக்காரர்களுக்கு அணுகும் உரிமை இல்லாத அல்லது குறைக்கப்பட்ட உரிமையே உள்ள சாலை என்று இதற்கு இலக்கணம் வகுத்தது. விபத்துகளால் ‘ரத்தம் தோய்ந்த பேஷோர்’ என்று பெயரெடுத்த சான் பிரான்சிஸ்கோ பகுதியின் பேஷோர் நெடுஞ்சாலை, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு படிப்படியாக இப்படி மாற்றப்பட்டது.

இந்த உரிமையைச் சும்மா பறித்துவிட முடியாது. இழப்பீடு கொடுக்க வேண்டும். நிலத்தில் ஒரு சதுர அடிகூட எடுக்காமல், சாலைக்கு இறங்கும் உரிமையை மட்டும் விலைக்கு வாங்குவதும் உண்டு. சில மனைகளுக்கு எல்லா வழியும் அடைபட்டுப்போகும். அங்கே தனி அணுகுசாலை போடும் செலவு மனையின் விலையைத் தாண்டினால், மனையையே முழுதாக வாங்கிவிடுவதுதான் வழக்கம். கணக்கு சரிதான். ஆனால் அந்த மனையில் மூன்று தலைமுறையாக வாழும் குடும்பம் இருந்தால், அதன் இழப்பு இந்தக் கணக்கில் வருவதில்லை.

இந்தியானாவின் 37ஆம் எண் சாலை

திட்டமிடல் எப்படி நடக்கிறது என்பதைத் தெளிவாகக் காட்டும் அண்மைக்கால எடுத்துக்காட்டு அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் இருக்கிறது. எவன்ஸ்வில்லிலிருந்து தலைநகர் இந்தியானாபொலிஸ் வரை சுமார் 229 கிலோமீட்டருக்கு, ‘இன்டர்ஸ்டேட் 69’ என்னும் நெடுஞ்சாலையை நீட்டினார்கள். தென்பகுதியில் அது புதிய தடத்தில் சென்றது. புளூமிங்டனிலிருந்து வடக்கே மட்டும், ஏற்கெனவே நான்கு வழியாக இருந்த மாநில நெடுஞ்சாலை 37ஐயே மாற்றியமைக்க முடிவு செய்யப்பட்டது. அதில் சிக்னல்கள் இருந்தன, மையத்தடுப்பில் திறப்புகள் இருந்தன, பண்ணை வீடுகளின் வாசல்களும் பெட்ரோல் பங்குகளும் நேரே சாலையில் திறந்தன.

எந்த வழித்தடம் என்பதற்கே 2004 மார்ச்சில்தான் முதல்கட்ட ஒப்புதல் கிடைத்தது. டெரெ ஹோட் நகரம் வழியாக ஏற்கெனவே செல்லும் சாலைகளையே பயன்படுத்தலாம் என்று வாதிட்டவர்கள் பல ஆண்டுகள் எதிர்த்தார்கள். மார்ட்டின்ஸ்வில்லுக்கும் இந்தியானாபொலிசுக்கும் இடைப்பட்ட கடைசி 42 கிலோமீட்டரில் அதற்குள் குடியிருப்புகளும் கடைகளும் பெருகிவிட்டன. அதனால் அந்தப் பகுதிக்கு வேறு தடங்களையும் மீண்டும் பரிசீலித்துவிட்டு, 2016 மார்ச்சில் பழைய 37ஆம் எண் சாலையையே தேர்ந்தெடுத்தார்கள். இறுதி ஒப்புதல் 2018 பிப்ரவரியில் வந்தது. இத்தனை ஆண்டுகள் வீண் தாமதமே என்று சொல்வோர் உண்டு. கட்டி முடித்த பிறகு ஒரு குறுக்குச் சாலையைத் திரும்பப் பெறுவது ஏறக்குறைய முடியாத காரியம் என்பதை நினைத்தால், அந்தக் காலத்தின் பெரும்பகுதி பயனுள்ளதாகவே செலவானது.

ஒவ்வொரு குறுக்குச் சாலைக்கும் மூன்று வழிகள்தான் உண்டு. அதை முட்டுச்சந்தாக்கி மூடலாம். ஏறி இறங்க வழியில்லாமல் நெடுஞ்சாலைக்கு மேலேயோ கீழேயோ கடத்திவிடலாம். இரண்டும் இணையும் இன்டர்சேஞ்ச் கட்டலாம். எல்லா ஊரும் மூன்றாவதைத்தான் கேட்கும். ஆனால் இன்டர்சேஞ்சுகள் நெருங்கி அமைந்தால், ஏறும் வண்டிகளும் இறங்கும் வண்டிகளும் குறுகிய தூரத்தில் பின்னிக்கொண்டு புதிய ஆபத்து உண்டாகும். நகர்ப்புறத்தில் 1.6 கிலோமீட்டர், கிராமப்புறத்தில் சுமார் 5 கிலோமீட்டர் இடைவெளி வேண்டும் என்பது அமெரிக்க வழக்கம். ஆகவே யாருக்கு நேரடி இணைப்பு, யாருக்குச் சுற்றுவழி என்பதுதான் பொதுமக்கள் கூட்டங்களில் சூடான விவாதமாகிறது. பள்ளிப் பேருந்து எவ்வளவு சுற்றும்? சாலையின் மறுபக்கம் உள்ள வீட்டுக்கு ஆம்புலன்ஸ் எத்தனை நிமிடம் தாமதமாகப் போகும்? இரு பக்கமும் நிலம் வைத்திருக்கும் விவசாயியின் அறுவடை இயந்திரம் மேம்பாலத்தின் அகலத்துக்குள் அடங்குமா? இந்தக் கேள்விகளுக்கு வரைபடத்தில் விடை இருக்காது. அந்த ஊரில் வாழ்பவரிடம்தான் இருக்கும்.

கிராமப் பகுதியில் ஹென்டர்சன் ஃபோர்டு சாலைக்கும், அதற்கு வடக்கே 144ஆம் எண் சாலைக்கும் இன்டர்சேஞ்ச் கிடைத்தது. தலைநகரை நெருங்க நெருங்க ஸ்மித் வேலி, கவுன்டி லைன், சவுத்போர்ட், எப்லர் என அடுத்தடுத்து வந்தன. இடையில் இருந்த சிறு சாலைகள் பலவற்றின் நேரடி இணைப்பு துண்டிக்கப்பட்டது.

இந்தத் திட்டத்தில் முதலில் கவனிக்க வேண்டியது மார்ட்டின்ஸ்வில்லில் கையாண்ட வரிசைமுறை. பழைய சாலை அந்தச் சிற்றூரை ஒட்டிச் செல்கிறது. வண்டிகளை விட்டுக்கொண்டே பகுதி பகுதியாக வேலை செய்வதா, மொத்தமாக மூடிவிட்டு வேகமாக முடிப்பதா என்ற கேள்வி எழுந்தது. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்து 2021 ஜனவரியில் சாலையை மூடினார்கள். அந்த ஆண்டின் இறுதியில் அது புதிய வடிவில் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் வெளியூர் வண்டிகள் 39, 67, 144ஆம் எண் சாலைகள் வழியே சுற்றிச் சென்றன. மூடுவதற்கு முன்பே உள்ளூர்ச் சாலைகளைச் சீராக்கியிருந்தார்கள். கிராண்ட் வேலி பூலவார்டில் நெடுஞ்சாலைக்கு மேலே ஒரு பாலம் கட்டி, ஊரின் இரு பக்கத்தையும் இணைத்துவிட்டார்கள். அதனால் ஊர்க்காரர்கள் கடைக்கும் பள்ளிக்கும் போக நெடுஞ்சாலையை எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. பக்கச் சாலை முதலில், பிரதான சாலை பிறகு என்ற இந்த வரிசைதான் இத்தகைய திட்டங்களின் உயிர்நாடி.

இதற்கு முந்தைய புளூமிங்டன்–மார்ட்டின்ஸ்வில் பகுதியில் அவ்வளவு நல்ல அனுபவம் இல்லை. அரசு–தனியார் கூட்டு முறையில் 2014இல் ஒப்பந்தமான அந்த 34 கிலோமீட்டர் வேலை 2016இல் முடிந்திருக்க வேண்டும். ஒப்பந்த நிறுவனம் பணநெருக்கடியில் சிக்கியதால் வேலை இழுத்துக்கொண்டே போக, 2017இல் மாநில அரசே அதை எடுத்துக்கொண்டது. பாதி மாற்றப்பட்ட சாலை பழைய சாலையைவிட ஆபத்தானது. தடுப்புகளும் தற்காலிகத் தடங்களும் மாதக்கணக்கில் நீளும்போது அதில் தினமும் ஓட்டுபவர்கள்தான் விலை கொடுக்கிறார்கள். கடைசிப் பகுதியை மாநிலமே பல ஒப்பந்தங்களாகப் பிரித்துக் கட்டியது. 2027 என்றிருந்த இலக்கை நிதி ஒதுக்கி முன்னுக்குக் கொண்டுவந்து, 2024 ஆகஸ்டில் இந்தியானாபொலிசின் சுற்றுச்சாலையோடு இணைத்தார்கள்.

டெல்லி–குருகிராம்

இந்தியாவில் இதே மாற்றத்துக்கு உள்ளான பெருஞ்சாலை, தேசிய நெடுஞ்சாலை 8இன் டெல்லி–குருகிராம் பகுதி (இப்போது இதன் எண் 48). 27.7 கிலோமீட்டர் நீளமுள்ள இது 2008 ஜனவரி 23இல் விரைவுச்சாலையாகத் திறக்கப்பட்டது. வண்டிகளைப் பொறுத்தவரை சிக்னல்கள் மறைந்தன. ஆனால் ஒருபக்கம் வீடும் மறுபக்கம் வேலையிடமுமாக இருந்தவர்களுக்கு, கடந்து செல்லப் போதுமான நடைமேம்பாலங்களோ சுரங்கப்பாதைகளோ இல்லை. மையத்தடுப்பைத் தாண்டிக் குதித்துக் கடந்தவர்கள் பலர் முதல் சில ஆண்டுகளில் வண்டி மோதி இறந்தார்கள். அவர்களை விதி மீறியவர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. நேற்றுவரை நடந்து கடந்த வழியை மூடிவிட்டு மாற்று வழி தராதது திட்டத்தின் குறை.

டெல்லி–குருகிராம் எல்லைப்பகுதியில் சிர்ஹோலில் 32 தடங்களுடன் அமைந்த சுங்கச்சாவடியும் அப்படித்தான். சிக்னல்களை நீக்கி மிச்சப்படுத்திய நேரத்தை அங்கே நின்ற வரிசை விழுங்கியது. நீதிமன்றம்வரை போன அந்த விவகாரம், 2014இல் சாவடி அகற்றப்பட்டதோடு முடிந்தது. 2016 ஜூலையில் பெய்த மழையில் ஹீரோ ஹோண்டா சவுக்கில் நீர் தேங்கி, இரவெல்லாம் வண்டிகள் நகராமல் நின்றன. பின்னர் அந்தச் சந்திப்பில் மேம்பாலமும், ராஜீவ் சவுக், இஃப்கோ சவுக், சிக்னேச்சர் டவர் ஆகிய இடங்களில் சுரங்கப்பாதைகளும் கட்டி முடிக்கப்பட்டன. நடைமேம்பாலங்களும் ஒவ்வொன்றாக வந்தன. ஓடிக்கொண்டிருக்கும் சாலையில் மறுபடி தோண்டிக் கட்ட வேண்டியிருந்ததால், தொடக்கத்திலேயே செய்திருந்தால் ஆகியிருக்கக்கூடிய செலவைவிட அதிகமாகச் செலவானது. நெரிசலும் ஆண்டுக்கணக்கில் நீடித்தது.