பிரதிநிதி யாருக்குப் பதில் சொல்வார்?



நம் தெருக்களில் அடிக்கடி கேட்கும் ஒரு மனக்குறையிலிருந்து இந்த நினைவுச் சொற்பொழிவைத் தொடங்குகிறேன். ‘தனித்தொகுதியில் ஜெயித்துப் போனவர் நமக்காக வாயே திறப்பதில்லை.’ பட்டியல் சாதியினருக்குத் தமிழகச் சட்டமன்றத்தில் 44 இடங்கள், மக்களவையில் 84 இடங்கள். இத்தனை பேர் இருந்தும் ஏன் இந்த மௌனம்? தனிமனிதர்களின் கோழைத்தனம் என்று சொல்லிவிடலாம். வரலாறு வேறு விடை சொல்கிறது.

லண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரும் ரெட்டமலை சீனிவாசனும் நம் மக்களுக்காக வாதாடினார்கள். 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசு இரட்டை வாக்குரிமையை அறிவித்தது. தீண்டப்படாதோர் தம் உறுப்பினரைத் தாமே தேர்ந்தெடுக்க ஒரு வாக்கு. பொதுத் தொகுதியில் இன்னொரு வாக்கு. எரவாடா சிறையில் காந்தி உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. மாகாண சபைகளில் நமக்கு 148 இடங்கள் கிடைத்தன. இரட்டை வாக்குரிமை பறிபோனது.

அந்த ஒப்பந்தத்தில் நாம் மறந்துவிட்ட ஓர் ஏற்பாடு உண்டு. நம் வாக்காளர்கள் மட்டும் முதலில் வாக்களித்து நான்கு பேர் கொண்ட பட்டியலைத் தேர்வு செய்வார்கள். அந்த நால்வரில் ஒருவரை எல்லாச் சாதியினரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். நம் வாசலைக் கடக்காமல் எவரும் சபைக்குள் போக முடியாது. இதற்கும் பத்தாண்டுதான் ஆயுள். தனி வாக்காளர் தொகுதி வேண்டுமென அம்பேத்கர் 1947இல் மீண்டும் கேட்டார், ஏற்கப்படவில்லை. அரசமைப்புச் சட்டத்தில் அந்த முதல்நிலைத் தேர்தலுக்கும் இடமில்லை.

மிஞ்சியது என்ன? வேட்பாளர் நம்மவர், ஆனால் சீட்டுக் கொடுப்பது கட்சித் தலைமை, வெற்றியை முடிவு செய்வது பிறர் வாக்கு. அம்பேத்கரே 1952இல் வடக்கு பம்பாயிலும் 1954இல் பண்டாரா இடைத்தேர்தலிலும் தோற்றார். சட்டத்தை எழுதியவருக்கே அந்தச் சட்டத்தின் கீழ் மக்களவையில் இடம் கிடைக்கவில்லை.

இதே கதையை நம் ஊராட்சிகளிலும் பார்த்தோம். மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சித் தலைவர் பதவிகள் 1996இல் நமக்கு ஒதுக்கப்பட்டன. பத்தாண்டுகள் தேர்தல் நடக்கவிடாமல் தடுத்தார்கள். நடந்தபோது, ஆதிக்க சாதியினர் நிறுத்திய ஆட்கள் ஜெயித்த கையோடு ராஜினாமா செய்தார்கள். அவர்கள் தங்களை நிறுத்தியவர்களுக்குப் பதில் சொன்னார்கள். மேலவளவு முருகேசன் பதவியைத் தூக்கி எறியவில்லை. 1997 ஜூன் 30 அன்று அவரும் உடனிருந்த ஐவரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அவர் நமக்குப் பதில் சொல்ல நின்றவர்.

இதைச் சொல்வது இடஒதுக்கீட்டைப் பழிக்க அல்ல. அது இல்லையென்றால் அந்தச் சபைகளின் வாசற்படியில்கூட நம்மை விட்டிருக்க மாட்டார்கள். நாற்காலி கிடைத்துவிட்டது, அதில் அமர்பவரை நம்மோடு கட்டிவைக்கும் கயிறுதான் அறுந்துபோனது. சட்டம் அறுத்ததை அமைப்பாகித்தான் முடிய வேண்டும்.

கட்சிகள் வேட்பாளரை அறிவிக்கும் முன்பே நம் தெருக்களில் கூடுவோம். யார் நமக்குத் தகுதியானவர் என்று நாமே பெயர் சொல்வோம். ஜெயித்தவரை ஆண்டுக்கொரு முறை அதே தெருவுக்கு அழைத்து, சபையில் என்ன பேசினார், நம் மக்களுக்கான நிதி எங்கே போனது என்று கணக்குக் கேட்போம். பூனாவில் ஒத்துக்கொண்டு பிறகு கைவிட்ட அந்த முதல் தேர்தலை, நாமே நடத்த எந்தச் சட்டமும் தடையில்லை.

ஜெய் பீம்.