ஜிம்பாப்வேயை 61 ரன்னில் சுருட்டிய குட்டித் தீவு நாடு... வனுவாட்டு பெண்கள் கிரிக்கெட் வளர்ந்தது எப்படி?

மக்கள் தொகை சுமார் 3 லட்சம். பசிபிக் கடலில் சிதறிக் கிடக்கும் 80-க்கும் மேற்பட்ட தீவுகள். இதுதான் வனுவாட்டு. இந்த நாட்டின் பெண்கள் அணி 2024 ஏப்ரலில் கிரிக்கெட் ரசிகர்களை நிமிர்ந்து உட்கார வெச்சது.

என்ன நடந்தது?

அபுதாபியில் டி20 உலகக்கோப்பைக்கான தகுதிச்சுற்று. முதல் ஆட்டத்திலேயே ஐசிசி-யின் முழு உறுப்பினரான ஜிம்பாப்வேயுடன் மோதல். ஜிம்பாப்வே 61 ரன்னுக்கு ஆல் அவுட். வனுவாட்டு 6 விக்கெட் வித்தியாசத்தில் வெற்றி!

அங்கே கிரிக்கெட் எப்படி வந்தது?

1980 வரை பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து ஆண்ட நாடு இது. கிரிக்கெட் பிரிட்டிஷார் வழியே வந்தது. பின்னாளில் கிராமங்களில் பெண்களுக்கான போட்டிகள் நடத்தப்பட்டன. கோப்பை மட்டும் நோக்கமில்லை. சர்க்கரை நோய், இதய நோய் அதிகமுள்ள பசிபிக் தீவுகளில் பெண்களுக்கு உடற்பயிற்சி கிடைக்கணும் என்பதும் ஒரு காரணம். தலைநகர் போர்ட் விலாவுக்குப் பக்கத்திலுள்ள மெலே என்ற கிராமம் தேசிய அணிக்குப் பல வீராங்கனைகளைக் கொடுத்திருக்கு.

திருப்பம் எது?

2018 ஜூலை முதல், உறுப்பு நாடுகளின் பெண்கள் அணிகள் மோதும் டி20 ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் சர்வதேச அந்தஸ்து தந்தது ஐசிசி. சின்ன நாடுகளும் தரவரிசைக்குள் வந்தன.

2020 ஏப்ரலில் கொரோனாவால் உலகமே முடங்கியபோது, வனுவாட்டு தன் உள்ளூர் பெண்கள் போட்டியை நேரலையில் ஒளிபரப்பியது. ஹரோல்டு புயல் தாக்கிய சில வாரங்களில் நடந்த அந்த இறுதிப்போட்டியில் மெலே புல்ஸ் அணி வென்றது. பார்க்க வேறு ஆட்டமே இல்லாத வெளிநாட்டு ரசிகர்களுக்கு அப்போதுதான் இந்தப் பெண்கள் அறிமுகமானாங்க.

2023-ல் சொந்த மண்ணில் நடந்த கிழக்கு ஆசியா-பசிபிக் தகுதிச்சுற்றை வென்று, முதல்முறையாக அபுதாபி டிக்கெட்டைப் பிடித்தது அணி.

அப்புறம் என்ன சிக்கல்?

காசுதான். அபுதாபி பயணச் செலவுக்கு இணையத்தில் பொதுமக்களிடம் நிதி கேட்க வேண்டியிருந்தது. பக்கத்து நாட்டுக்குப் போய் விளையாடணும்னாலும் கடல் தாண்டணும். அதனால் வலுவான அணிகளுடன் மோதும் வாய்ப்பும் குறைவு.

அந்தக் குறை களத்திலும் தெரிந்தது. ஜிம்பாப்வேயை வென்ற வேகத்தில் அரையிறுதிக்குப் போக முடியல. அந்தத் தொடரிலிருந்து இலங்கையும் ஸ்காட்லாந்தும்தான் உலகக்கோப்பைக்குப் போயின.

ஒரு நாள் பெரிய அணியைச் சாய்க்கத் திறமை போதும். தொடர் முழுக்க ஜெயிக்க வருஷம் முழுக்க ஆட்டம் வேணும். வனுவாட்டுக்கு இப்போ தேவைப்படுவதும் அதுதான்.