சோட்டா பீமும் தம்யானின் சாபமும்

‘சோட்டா பீம் அண்ட் த கர்ஸ் ஆஃப் தம்யான்’ 2012 மே 18 அன்று வெளியான இந்திய அனிமேஷன் திரைப்படம். ஐதராபாத்தைச் சேர்ந்த கிரீன் கோல்ட் அனிமேஷன் நிறுவனம் தயாரித்தது. இயக்கியவர் அதன் நிறுவனர் ராஜீவ் சிலகா. 2008 முதல் போகோ தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகிவரும் ‘சோட்டா பீம்’ கார்ட்டூன் தொடரிலிருந்து கிளைத்து, முதன்முதலாகத் திரையரங்குக்கு வந்த படம் இது. இந்தியாவில் அதுவரை கதைகள் பெரும்பாலும் சினிமாவிலிருந்து தொலைக்காட்சிக்கு வந்தன. இந்தப் படம் எதிர்த்திசையில் போயிற்று. வீட்டுக்கூடத்தில் பழகிய முகத்தைப் பார்க்கப் பிள்ளைகள் பெற்றோரைத் தியேட்டருக்கு இழுத்துப்போனார்கள்.

முன்வரலாறு

தொலைக்காட்சிக் கார்ட்டூனை முழுநீளப் படமாக்கும் வழக்கம் அமெரிக்காவில் தொடங்கியது. வில்லியம் ஹானா, ஜோசப் பார்பெரா இருவரும் தங்கள் தொலைக்காட்சிக் கரடியான யோகியை 1964இல் ‘ஹே தேர், இட்ஸ் யோகி பேர்’ என்ற படத்தின் மூலம் பெரிய திரைக்குக் கொண்டுவந்தனர். 1966இல் ‘பிளின்ட்ஸ்டோன்ஸ்’ குடும்பம் பின்தொடர்ந்தது. ஜப்பானில் இது ஆண்டுச் சடங்காகவே மாறியது. 1979இல் ஒளிபரப்பைத் தொடங்கிய ‘டோரேமான்’ தொடருக்கு 1980இல் முதல் படம் வந்தது. அதன்பின் ஏறக்குறைய ஆண்டுக்கு ஒன்று. டிஸ்னியின் ‘டக் டேல்ஸ்’ 1990இலும், ‘ரக்ரட்ஸ்’ 1998இலும் இதே வழியில் வந்தன.

இந்தியாவில் அனிமேஷன் வெகுகாலம் அரசு நிறுவனங்களின் நிழலில் இருந்தது. 1974இல் பிலிம்ஸ் டிவிஷன் தயாரித்த ‘ஏக் அநேக் அவுர் ஏக்தா’ என்ற குறும்படத்தைத் தூர்தர்ஷன் பார்த்து வளர்ந்த தலைமுறை இன்னும் மறக்கவில்லை. தனியார் சேனல்கள் பெருகியபோது குழந்தைகளுக்கென்றே அலைவரிசைகள் வந்தன. அவற்றில் ஓடியவை பெரும்பாலும் வெளிநாட்டுத் தொடர்களின் மொழிமாற்றங்களே. தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சுட்டி டிவியில் தமிழ் பேசிய ‘டோரா’வும் அவளது குரங்குத் தோழன் புஜ்ஜியும் அந்தக் காலத்து நட்சத்திரங்கள். ‘டோரா புஜ்ஜி’ என்ற இரட்டைச் சொல் இன்றும் பேச்சில் இருக்கிறது.

உள்நாட்டுக் கதைகளில் புராணமே முன்னால் நின்றது. 2005இல் வந்த ‘ஹனுமான்’ முழுநீள அனிமேஷன் படம், இந்தியக் குழந்தைகளை நம்பிப் படம் எடுக்கலாம் என்ற துணிச்சலைத் தந்தது. சென்னையின் பென்டாமீடியா போன்ற நிறுவனங்கள் கணினி அனிமேஷனில் முழுநீளப் படங்களைச் செய்து பார்த்தன. ஆனால், ஒரு பாத்திரத்தை முதலில் ஆண்டுக்கணக்கில் பிள்ளைகளோடு பழகவிட்டு, பிறகு சினிமாவுக்கு அழைத்துவரும் முறையை யாரும் செய்திருக்கவில்லை.

தொடரின் பிறப்பு

ராஜீவ் சிலகா அமெரிக்காவில் கணினி அறிவியல் முதுநிலை படித்தவர். பிறகு சான் பிரான்சிஸ்கோவில் அனிமேஷன் கற்று, ஊர் திரும்பி 2001இல் கிரீன் கோல்டைத் தொடங்கினார். நிறுவனம் தொடக்கத்தில் விக்கிரமாதித்தன், வேதாளம் கதைகளையும் கிருஷ்ணன் கதைகளையும் தொலைக்காட்சிக்காகச் செய்தது. 2008 ஏப்ரலில் ‘சோட்டா பீம்’ தொடங்கியது.

நாயகன் ஒன்பது வயதுச் சிறுவன். ஆரஞ்சு நிற வேட்டி, சட்டையில்லாத மார்பு, நெற்றியில் பொட்டு. டோலக்பூர் என்ற கற்பனை ஊரில் வாழ்கிறான். தோழி சுட்கி, சின்னப் பையன் ராஜு, பேசும் குரங்கு ஜக்கு இவர்கள் ஒரு பக்கம். பொறாமை பிடித்த காலியாவும் அவன் கூட்டாளிகள் டோலு, போலு என்ற இரட்டையர்களும் எதிர்ப்பக்கம். அரசன் இந்திரவர்மன், இளவரசி இந்துமதி. பத்துப் பன்னிரண்டு நிமிடக் கதையில் ஊருக்கு ஒரு ஆபத்து வரும், பீம் ஒரு லட்டைத் தூக்கி வாயில் போடுவான், தோள் புடைக்கும், ஆபத்து பறக்கும். அந்த லட்டு பெரும்பாலும் சுட்கியின் அம்மா டுன்டுனின் கடையிலிருந்து திருடப்பட்டதாக இருக்கும். ‘பாப்பாய்’ கீரை தின்று பலம் பெறுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சூத்திரம் புதிதல்ல. ஆனால் கீரைக்குப் பதில் லட்டு வைத்த இடத்தில்தான் இந்தியப் பிள்ளைகள் மயங்கினார்கள்.

மகாபாரதப் பீமனிடமிருந்து தொடர் எடுத்துக்கொண்டது பெயர், பலம், பசி ஆகிய மூன்று மட்டுமே. பாண்டவர்களோ கௌரவர்களோ இதில் இல்லை. அதனால் கதாசிரியர்களுக்குக் கை கட்டப்படவில்லை. பீமைச் சீனாவுக்கு அனுப்பலாம், காத்மாண்டுவுக்கு அனுப்பலாம், கிருஷ்ணனோடு சேர்த்துவிடலாம். தொலைக்காட்சிக்கென்றே எடுத்த நெடும்படங்களில் அதையெல்லாம் செய்து பார்த்துவிட்டுத்தான் நிறுவனம் திரையரங்கின் கதவைத் தட்டியது.

கதை

பாலைவனத்தில் புதைந்த பொன் நகரம் சோனாபூர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு தம்யான் என்ற கொடிய மந்திரவாதி ஒரு சாபத்தால் அங்கே அடைக்கப்பட்டிருக்கிறான். அவனை விடுவிக்க நினைக்கும் ஸ்கந்தி, சோனாபூரில் புதையல் இருப்பதாகச் சொல்லி இந்திரவர்மனின் ஆசையைக் கிளறுகிறான். அரசனோடு டோலக்பூரின் சிறுவர்களும் போகிறார்கள். தம்யான் வெளியே வந்துவிடுகிறான். அவனை நிகழ்காலத்தில் வெல்ல வழியில்லை என்பதால், குரு சம்புவின் துணையோடு பீமும் நண்பர்களும் ஆயிரம் ஆண்டுகள் பின்னே போய், தீமையை அதன் வேரிலேயே தடுக்க முயல்கிறார்கள்.

தொடரின் சூத்திரத்தைப் படம் இங்கே நீட்டியது. பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு குத்தில் விழும் வில்லனை வைத்து ஒன்றரை மணி நேரத்தை ஓட்ட முடியாது. எனவே லட்டால் தீராத எதிரி தேவைப்பட்டான். பலத்தோடு பயிற்சியும் பொறுமையும் கேட்கும் கதை தேவைப்பட்டது. காலப்பயணம் அதற்கு வசதியான கருவி. ஊரை விட்டுப் போதல், குருவைக் காணுதல், வித்தை கற்றல், திரும்பி வந்து வெல்லுதல் என்ற வரிசை நாட்டுப்புறக் கதை கேட்ட எந்தப் பாட்டிக்கும் தெரிந்ததுதான்.

உருவாக்கம்

தொலைக்காட்சி அனிமேஷன் சிக்கனத்தில் பிறந்த கலை. ஒரு வினாடிக்கு 24 படச்சட்டங்கள் ஓடும் திரையில் ஒவ்வொன்றையும் புதிதாக வரைந்தால் வாராவாரம் கதை தர முடியாது. அதனால் உடம்பு அசையாமல் நிற்க, வாய் மட்டும் பேசும். ஓடும் கால்களின் அதே சுழற்சி திரும்பத் திரும்ப வரும். அதே மரம் பின்னால் மூன்றாம் முறையும் கடந்துபோகும். ஹானாவும் பார்பெராவும் பழக்கிய இந்த முறையைக் கணினி மென்பொருள்கள் இன்னும் எளிதாக்கின. பாத்திரத்தின் தலை, கை, கால், கண், வாய் எல்லாம் தனித்தனித் துண்டுகளாகச் சேமிக்கப்பட்டு, தோல்பாவைக் கூத்தில் மூட்டுகளை அசைப்பதுபோல அசைக்கப்படுகின்றன.

சின்னத் திரையில் கண்ணை உறுத்தாத இந்தச் சிக்கனம் முப்பதடித் திரையில் பளிச்சென்று தெரிந்துவிடும். தட்டையான பின்னணி, காலியான தெரு, நிழலில்லாத உருவம் எதையும் அங்கே மறைக்க முடியாது. தொடரிலிருந்து படத்துக்குப் போகும் எல்லா நிறுவனங்களும் சந்திக்கும் சிக்கல் இது. பாத்திரத்தின் முகத்தை மாற்றினால் பிள்ளைகள் ஏற்கமாட்டார்கள். மாற்றாவிட்டால் பெரிய திரை வெறிச்சோடும். ‘தம்யானின் சாபம்’ பாத்திரங்களின் இரு பரிமாண உருவத்தை அப்படியே வைத்துக்கொண்டது. பெருமையைச் சோனாபூரின் மதில்களிலும் மணல்வெளியிலும் மந்திர ஒளிகளிலும் காட்டியது. திரையரங்குப் பீம் படங்களில் முப்பரிமாணத்துக்கு மாற நிறுவனம் இன்னும் ஏழு ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

வடவார்க்காடும் பீமனும்

படம் எப்படிப்பட்ட பார்வையாளரை அடைந்தது என்பதை அறிய ஒடுகத்தூர் நல்ல எடுத்துக்காட்டு. வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் உள்ள பேரூராட்சி இது. வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்குப் பெயர்பெற்றது. பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை போன்ற மலை ஊராட்சிகளின் மக்கள் சந்தைக்கும் சாமானுக்கும் இறங்கிவரும் இடம்.

இப்படிப்பட்ட ஊர்களின் பிள்ளைகளுக்குப் பீம் சினிமா வழியாக வரவில்லை. அவன் வந்த பாதையைப் போட்டது வேறு இரண்டு நிகழ்வுகள். 2006இல் தமிழக அரசு தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் 2011க்குள் சுமார் ஒன்றரைக் கோடி 14 அங்குலப் பெட்டிகள் வீடுகளுக்குப் போயின. 2011 செப்டம்பரில் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புத் தரத் தொடங்கியது. கம்பி ஏறாத இடங்களில் கூரைமேல் டிஷ் முளைத்தது. அடுத்த ஆண்டுதான் ‘தம்யானின் சாபம்’ வந்தது. மல்டிபிளக்ஸ் நகரங்களில் ஒரு கோடை விடுமுறைப் படமாக அது முடிந்துபோனது. அடிவாரத்து வீடுகளுக்கு அது மறுபடி மறுபடி தொலைக்காட்சியில் வரும் படம். விடுமுறை நாளில் சேனல் திருப்பும்போது சோனாபூர் மதில் தெரிந்தால் ரிமோட் கையைவிட்டுப் போய்விடும்.

பழைய வடவார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த இந்த வட்டாரத்துக்குப் பீமன் புதியவனும் அல்ல. வடவார்க்காட்டுத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடத்தும்போது, பகலில் பிரசங்கமும் இரவில் கூத்தும் நாள்கணக்கில் நடக்கும். பல ஊர்களில் பகாசூரன் வதத்தன்று பீமன் வேடம் கட்டியவர் மாட்டுவண்டியில் சோற்றோடு தெருத்தெருவாக வருவார். வீடுகளிலிருந்து சோறும் பலகாரமும் பழமும் வண்டியேறும். அரக்கனுக்கென்று அனுப்பிய அந்தச் சோற்றைப் பீமன் வண்டியிலேயே உட்கார்ந்து வாரி வாரித் தின்பதைப் பார்த்துப் பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு பின்னால் ஓடும். கடைசி நாள் படுகளத்தில் மண்ணால் செய்து கிடத்திய துரியோதனனின் தொடையில் அதே பீமன் கதாயுதத்தை இறக்குவான். தின்பதும் அடிப்பதும் ஒரே ஆளின் இரண்டு வேலைகள் என்று கூத்து எப்போதோ சொல்லிக்கொடுத்துவிட்டது. லட்டு தின்று அரக்கனை அடிக்கும் ஆரஞ்சு வேட்டிக்காரனுக்கு இங்கே யாரும் விளக்கம் கேட்கவில்லை.

வேறுபாடும் உண்டு. கூத்துப் பீமன் வேடத்தில் நம் ஊர்க்காரர். மறுநாள் காலை அரிதாரம் கழுவிவிட்டு வயலில் நிற்பார். அவருக்குச் சோறு போட்டது நம் வீடு. கார்ட்டூன் பீமுக்கு ஊர் எதையும் கொடுக்க வேண்டியதில்லை. அவன் முகம் போட்ட பென்சில் பெட்டியையும் பையையும் கடையில் வாங்கினால் போதும். கிரீன் கோல்ட் தனக்கென்று கடைகளையே திறந்து இந்தப் பொருள்களை விற்றது. படத்தின் வருமானத்தைப்போலவே பொம்மையும் பையும் நிறுவனத்தைத் தாங்கின.

தொடர்ந்து வந்தவை

முதல் படம் வழியைத் திறந்ததும் நிறுவனம் நிற்கவில்லை. 2013 மே மாதம் ‘சோட்டா பீம் அண்ட் த த்ரோன் ஆஃப் பாலி’ வந்தது. இந்தோனேசியாவின் பாலித் தீவு நாட்டார் மரபின் சூனியக்காரி ரங்டாவும் லேயாக் பேய்களும் இதில் எதிரிகள். இந்தப் படத்தில் வந்த பாலி இளவரசன் அர்ஜுனுக்கு 2014இல் தனித் தொலைக்காட்சித் தொடரே கிடைத்தது. தொடரிலிருந்து பிறந்த படம், தன் பங்குக்கு ஒரு தொடரைப் பெற்றது. டோலக்பூரின் சின்னப் பையன் பெயரில் வந்த ‘மைட்டி ராஜு’ தொடருக்கும் 2014இல் ‘ரியோ காலிங்’ என்ற திரைப்படம் வந்தது.

2016 ஜனவரியில் ‘ஹிமாலயன் அட்வெஞ்சர்’, 2019 மே மாதம் முப்பரிமாணத்தில் ‘குங் ஃபூ தமாக்கா’ என்று பீம் படங்கள் தொடர்ந்தன. போட்டிக்கும் ஆள் வந்தது. ‘லோட்போட்’ சிறுவர் இதழின் பாத்திரங்களான மோட்டுவும் பட்லுவும் 2012இல் தொலைக்காட்சிக்கு வந்து, 2016இல் ‘கிங் ஆஃப் கிங்ஸ்’ படமாகத் திரையரங்கை எட்டினர்.

2019 ஏப்ரலில் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘மைட்டி லிட்டில் பீம்’ இன்னொரு திருப்பம். இதில் பீம் தவழும் குழந்தை; வசனம் ஏறக்குறைய இல்லை. மொழிமாற்றத் தேவையில்லாததால் உலகம் முழுவதும் ஒரே படியாகப் போக முடிந்தது. 2.7 கோடி வீடுகளில் பார்க்கப்பட்டதாக நெட்ஃபிளிக்ஸ் அறிவித்தது.

2024 மே 31 அன்று ராஜீவ் சிலகா முதல் படத்தின் கதையையே மறுபடி எடுத்தார். இம்முறை வரைந்த படமாக அல்ல, நடிகர்களைக் கொண்டு. யக்ய பாசின் பீமாகவும், அனுபம் கேர் குரு சம்புவாகவும், மகரந்த் தேஷ்பாண்டே ஸ்கந்தியாகவும் நடித்தனர். தொடர் தொடங்கியபோது ஐந்து வயதாக இருந்த பிள்ளைக்கு அப்போது வயது 21. பீமுக்கு இன்னும் ஒன்பது.